கட்டியவருக்கு வர வேண்டிய பணம்



வீடு கட்டிக் கொடுத்தவர் ஏமாற்றிவிட்டார் என்ற புகாரை நாம் அடிக்கடி கேட்கிறோம். அதற்குப் பரிகாரம் தரும் சட்டம் நன்றாகவே வளர்ந்திருக்கிறது. லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் 1993இல் உச்ச நீதிமன்றம் வீடு கட்டித் தருவதும் ஒரு சேவையே என்று சொன்னது. கட்டட வேலையில் குறை கண்ட வீட்டுக்காரர் இன்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கட்டியவருக்குப் பணம் வராவிட்டால் அவர் அங்கே போக முடியாது. சேவை பெற்றவர் மட்டுமே நுகர்வோர். ரெரா சட்டமும் இவருக்கு உதவாது. அது மனைப்பிரிவும் அடுக்குமாடி வீடும் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான சட்டம். ஒருவர் தன் சொந்த மனையில் தான் குடியிருக்கக் கட்டிக்கொள்ளும் வீடு அதற்குள் வருவதில்லை.

அப்படியானால் ஒப்பந்ததாரருக்கு என்ன இருக்கிறது? 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும் உரிமையியல் நீதிமன்றமும் இருக்கின்றன. பெரும்பாலான வழக்குகளுக்கு அவை போதும் என்பதே என் எண்ணம். வழக்கு வழக்காகப் பார்த்து வந்ததில் எனக்குத் தெளிவான ஒன்று உண்டு. கட்டியவருக்குச் சட்டத்தில் உரிமை குறைவில்லை. அதை நிரூபிக்கும் காகிதம்தான் அவரிடம் இருப்பதில்லை. இருந்தாலும், காலம் கடந்த பிறகே அதை எடுத்துக்கொண்டு வழக்கறிஞரிடம் வருகிறார். இன்று நான் பேசப்போவது பெரும்பாலும் அந்தக் காகிதத்தைப் பற்றியும் அந்தக் காலத்தைப் பற்றியும்தான்.

பணம் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை முதலில் பார்ப்போம். நம் ஊர்களில் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசுகிறார்கள். முன்பணம் ஒரு பங்கு, பேஸ்மென்ட் முடிந்ததும் ஒரு பங்கு, லிண்டல் மட்டத்துக்கு ஒரு பங்கு, கூரை கான்கிரீட்டுக்கு ஒரு பங்கு, பூச்சுக்கு ஒரு பங்கு என்று கணக்கு போகும். கூரை போடும் வரை பணம் ஓரளவு ஒழுங்காக வரும். வீட்டுக்காரருக்கும் வேலை நடக்க வேண்டுமே. தகராறு தொடங்குவது டைல்ஸ், பெயின்ட், கதவு ஜன்னல் வேலைகளின்போதுதான். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிடுகிறார்கள். "விசேஷம் முடியட்டும், மொத்தமாகக் கணக்குப் பார்த்துக்கொள்வோம்" என்ற பேச்சு வருகிறது. ஒப்பந்ததாரர் சாவியைக் கொடுத்துவிடுகிறார். வீடு கைக்கு வந்த பிறகு பணம் கொடுக்க அவசரம் இல்லை. நிறுத்தி வைக்க ஒப்பந்ததாரரிடம் வேலையும் மிச்சம் இல்லை.

அந்தக் கடைசிப் பங்கில்தான் ஒப்பந்ததாரரின் லாபம் முழுவதும் இருக்கிறது. பல நேரம் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் தர வேண்டிய கூலி பாக்கியும் அதில்தான் இருக்கிறது. வீட்டுக்காரர் தரவில்லை என்பதற்காகச் சனிக்கிழமைக் கூலியை நிறுத்த முடியாது. சட்டமும் அதை அனுமதிப்பதில்லை. ஆகவே அவர் வட்டிக்கு வாங்குகிறார். ஒரு வீட்டின் கடைசிப் பில் வராமல் போவதால் அடுத்த வீட்டு வேலையையே எடுக்க முடியாமல் தொழிலை விட்டவர்கள் இருக்கிறார்கள். இதைத் தனிமனிதர் இருவரின் சில்லறைத் தகராறாக நான் பார்ப்பதில்லை. அதற்குக் காரணம் இந்தக் கூலிதான்.

பேச்சு பிடிபடுவதற்காக ஓர் எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். 1,200 சதுர அடி வீடு, சதுர அடி 2,200 ரூபாய். மொத்தம் 26 லட்சத்து 40 ஆயிரம். இதுவரை வந்தது 22 லட்சம். இடையில் வீட்டுக்காரர் கேட்டபடி சம்ப் பெரிதாக்கியது, காம்பவுண்ட் சுவரை உயர்த்தியது, மாடிப்படிக்கு மேல் அறை எழுப்பியது என்று கூடுதல் வேலை 1 லட்சத்து 85 ஆயிரம். ஆக, வர வேண்டியது 6 லட்சத்து 25 ஆயிரம். வீட்டுக்காரர் நான்கு பதில் சொல்கிறார். கூடுதல் வேலைக்கு நான் ஒப்புக்கொள்ளவே இல்லை. சுவரில் விரிசல் இருக்கிறது. வேலை மூன்று மாதம் தாமதம். கடைசியாக, ஒரு லட்சம் தருகிறேன், வாங்கிக்கொண்டு கணக்கை முடித்துக்கொள். இந்த நான்கையும் சட்டம் எப்படிப் பார்க்கிறது?

கூடுதல் வேலைக்கு எழுத்து இல்லை என்பதால் பணம் இல்லை என்று ஆகிவிடாது. முதலில், வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தமே. அதையும் நிரூபிக்க முடியாத நிலையில் ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆவது பிரிவு இருக்கிறது. ஒருவர் மற்றொருவருக்காகச் சட்டப்படி ஒரு வேலை செய்கிறார், இலவசமாகச் செய்யும் எண்ணம் அவருக்கு இல்லை, மற்றவர் அதன் பலனை அனுபவிக்கிறார். இந்த மூன்றும் சேர்ந்தால் ஈடு தர வேண்டும். இந்தப் பிரிவுக்கு உயிர் கொடுத்த தீர்ப்பே ஒரு கட்டட ஒப்பந்ததாரரின் வழக்கில் வந்தது என்பதைச் சட்ட மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1944இல் வங்காளத்தில் உணவு வழங்கல் துறை அதிகாரிகள் கேட்டுக்கொண்டபடி பி.கே. மண்டல் அண்ட் சன்ஸ் என்ற நிறுவனம் கிடங்குகள் கட்டியது. ஆராம்பாக் என்ற ஊரில் அலுவலக அறை, காவலர் அறை, சமையற்கட்டு, சாலை என்று வேலைகள் செய்தது. துறை எல்லாவற்றையும் பயன்படுத்திக்கொண்டது. பணம் கேட்டபோது, அரசின் ஒப்பந்தம் எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறதோ அந்த வடிவத்தில் இது இல்லை, ஆகவே ஒப்பந்தமே கிடையாது என்றது அரசு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒப்பந்தம் செல்லாது என்பதை நீதிமன்றம் ஏற்றது. ஆனாலும் பணம் தரத்தான் வேண்டும் என்றது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கஜேந்திரகட்கர்.

அந்தத் தீர்ப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு. யாரும் யார் மீதும் ஒரு வேலையைத் திணித்துவிட்டுப் பணம் கேட்க முடியாது. வேண்டாம் என்று மறுக்கும் உரிமை மற்றவருக்கு எப்போதும் உண்டு. மறுக்காமல் ஏற்று அனுபவித்தால்தான் கடமை பிறக்கிறது. நம் எடுத்துக்காட்டில் வீட்டுக்காரர் தினமும் வந்து பார்க்கிறார். காம்பவுண்ட் சுவர் அவர் கண்ணெதிரே எழுகிறது. அந்தச் சம்ப்புத் தண்ணீரில்தான் குடித்தனம் நடக்கிறது. ஒப்புக்கொள்ளவே இல்லை என்ற வாதம் அங்கே நிற்காது.

ஆனால் 70ஆவது பிரிவை எல்லாவற்றுக்கும் நீட்டக் கூடாது. விலை பேசி முடித்த வேலைக்கு, சிமென்ட் ஏறிவிட்டது, கம்பி ஏறிவிட்டது என்று பிறகு கூடுதல் கேட்பவர்கள் இருக்கிறார்கள். ராணுவத்துக்கு நெய் கொள்முதல் செய்து கொடுத்த அலோபி பர்ஷாத் நிறுவனத்தின் வழக்கில் 1960இலேயே உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. போரால் செலவு கூடியது என்பதற்காகப் பேசிய விகிதத்தைத் தாண்டிக் கேட்க முடியாது. விலை ஏறினால் என்ன செய்வது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது ஒன்றே வழி.

அடுத்தது விரிசல். வேலையில் குறை இருந்தால் ஒரு பைசாவும் தர வேண்டாம் என்று வீட்டுக்காரர்கள் நம்புகிறார்கள். ஒரு குறை கண்டுபிடித்தால் தன் வழக்கே போச்சு என்று ஒப்பந்ததாரர்களும் பயப்படுகிறார்கள். இரண்டும் சரியில்லை. இங்கிலாந்தின் இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எல்லைக்கோடு தெரியும். 1952ஆம் ஆண்டு ஹோனிக் வழக்கில் ஒரு குடியிருப்பை அலங்கரித்து மரச்சாமான் செய்து தர 750 பவுண்டு பேச்சு. வேலை முடிந்தது. ஓர் அலமாரிக் கதவை மாற்ற வேண்டியிருந்தது, புத்தக அலமாரி ஒன்று அளவில் குறைந்திருந்தது. சரிசெய்ய ஏறத்தாழ 55 பவுண்டு ஆகும். அந்தச் செலவைக் கழித்துக்கொண்டு மீதியைத் தந்துவிட வேண்டும் என்றது நீதிமன்றம். 1972ஆம் ஆண்டு போல்டன் வழக்கில் ஒரு வீட்டுக்கு வெப்பமூட்டும் அமைப்பு நிறுவ 560 பவுண்டு. நிறுவிய அமைப்பு வீட்டைச் சரியாகச் சூடாக்கவில்லை, புகையையும் உள்ளே விட்டது. சரிசெய்ய 174 பவுண்டு தேவைப்பட்டது. ஒப்பந்ததாரருக்கு எதுவும் இல்லை என்று தீர்ப்பு வந்தது. வேலை அதன் நோக்கத்துக்குப் பயன்படுகிறதா, குறையின் அளவு மொத்தத்தில் எவ்வளவு என்ற இரண்டும்தான் கேள்வி. நம் எடுத்துக்காட்டு வீட்டில் பூச்சு விரிசலைச் சரிசெய்ய 40,000 ரூபாய் ஆகும் என்றால் அந்த 40,000ஐக் கழிக்கலாம். 6 லட்சத்தை நிறுத்தி வைக்கக் கூடாது. அஸ்திவாரமே இறங்கிவிட்டது என்றால் கதை வேறு. அப்போது ஒப்பந்ததாரர் வழக்குப் போடுவதற்கு முன் வீட்டைச் சரிசெய்யும் வழியைத் தேட வேண்டும்.

தாமதத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தச் சட்டத்தின் 55ஆவது பிரிவின் கடைசிப் பத்தியை ஒப்பந்ததாரர்கள் யாரும் படிப்பதில்லை. குறித்த காலத்துக்குப் பின் செய்த வேலையை ஏற்றுக்கொள்பவர், தாமதத்துக்கு ஈடு கேட்பேன் என்று அந்த நேரத்திலேயே அறிவித்திருந்தால்தான் பின்னால் கேட்க முடியும். மூன்று மாதம் பேசாமல் இருந்து, குடியேறி, பில் வந்த பிறகு தாமதக் கணக்குப் போட முடியாது.

நான்காவது பதிலைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். ஒரு லட்சம் தருகிறேன், கணக்கை முடித்துக்கொள். தீபாவளிக்கு முந்தின வாரம் இந்தப் பேச்சு வரும். ஆட்கள் கூலிக்கு வாசலில் நிற்பார்கள். 'கணக்கு முழுவதும் தீர்ந்தது' என்று எழுதிய தாளில் ஒப்பந்ததாரர் கையெழுத்துப் போட்டுவிடுவார். மீதியைப் பிறகு கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பார். ஒப்பந்தச் சட்டத்தின் 63ஆவது பிரிவு அதை அனுமதிக்காது. கடன் கொடுத்தவர் குறைந்த தொகையை முழுக் கடனுக்கும் ஈடாக ஏற்றுக்கொண்டால் முழுக் கடனும் தீர்ந்தது. சட்டமே அதற்கு உதாரணம் தருகிறது: 5,000 ரூபாய் கடனுக்கு 2,000 வாங்கித் திருப்தி என்று ஏற்றால் கடன் இல்லை. வற்புறுத்தி வாங்கிய கையெழுத்து என்று பின்னால் வாதாடலாம்தான். ஆனால் பணக் கஷ்டம் மட்டுமே வற்புறுத்தல் ஆகிவிடாது என்பதால் அதை நிரூபிப்பது மிகக் கடினம். ஆகவே பணம் வாங்குங்கள், வாங்காமல் திரும்பாதீர்கள். ஆனால் ரசீதில் "மொத்த பாக்கி 6,25,000 ரூபாயில் பகுதித் தொகையாக 1,00,000 ரூபாய் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதுங்கள். அதற்கு வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை என்றால், அவர் மீதியைத் தரப்போவதில்லை என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

இப்போது காகிதத்துக்கு வருகிறேன். அரசு வேலையில் மெஷர்மென்ட் புக் என்று ஒன்று இருக்கிறது. செய்த வேலையின் நீளம், அகலம், உயரம் அதில் ஏறாமல் ஒரு ரூபாயும் நகராது. தனியார் வீட்டு வேலையில் அந்தப் பழக்கம் இல்லை. ஒரு பள்ளிக்கூட நோட்டு போதும். ஒவ்வொரு கட்டமும் முடிந்த அன்று அளவைக் குறித்து, தேதி போட்டு, வீட்டுக்காரரிடம் ஒரு கையெழுத்து. கூடுதல் வேலை என்றால் தொடங்குவதற்கு முன்பே என்ன வேலை, என்ன விலை என்று இரண்டு வரி எழுதி வாங்குவது. பழகியவரிடம் கையெழுத்துக் கேட்பது அவரை அவமதிப்பது போலத் தோன்றுகிறது என்று மேஸ்திரிகள் சொல்கிறார்கள். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் வேலை நடக்கும்போது, வீட்டுக்காரருக்கும் உங்களுக்கும் நல்ல உறவு இருக்கும் நேரம்தான் கையெழுத்து வாங்க ஏற்ற நேரம். தகராறு வந்த பிறகு யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

கையெழுத்தே இல்லாதவர்கள் என்ன செய்வது? வாட்ஸாப்பில் "அண்ணே, அந்தச் சுவரை இன்னும் ரெண்டடி ஏத்திடுங்க" என்று வந்த செய்தி சாட்சியம்தான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆவது பிரிவுப்படி அதற்கு உரிய சான்றிதழ் இணைக்க வேண்டும். போனை மாற்றும்போது பழைய செய்திகளை அழித்துவிடாதீர்கள். குரல் செய்திகளும் அப்படித்தான்.

இன்னொரு சாட்சி இருக்கிறது, அது பெரும்பாலும் யார் கண்ணுக்கும் படுவதில்லை. வீட்டுக்கடன் கொடுத்த வங்கி. வங்கி கடனை ஒரே தடவையில் தருவதில்லை. இன்ன கட்டம் முடிந்தது என்று காட்டினால், தன் பொறியாளரை அனுப்பிப் பார்த்து, அடுத்த தவணையை விடுவிக்கிறது. அதாவது, வேலை முடிந்தது என்று வீட்டுக்காரரே வங்கியிடம் சொல்லிப் பணம் வாங்கியிருக்கிறார். அந்த விண்ணப்பமும் பொறியாளர் அறிக்கையும் வங்கிக் கோப்பில் இருக்கின்றன. நீதிமன்றத்தின் மூலம் சம்மன் அனுப்பி அதை வரவழைக்கலாம். கூரை வேலை அரைகுறை என்று நீதிமன்றத்தில் சொல்பவர், கூரை முடிந்தது என்று வங்கியிடம் சொல்லித் தவணை வாங்கியிருந்தால், குறுக்கு விசாரணையில் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அடுத்து, நாள் கணக்கு. காலவரையறைச் சட்டத்தின் அட்டவணையில் 18ஆவது இனம், கேட்டபடி செய்த வேலைக்கு, பணம் தரும் நாள் குறிக்கப்படாதபோது, வேலை செய்து முடித்த நாளிலிருந்து மூன்று ஆண்டு என்கிறது. பில் கொடுத்த நாளிலிருந்து அல்ல, கடைசியாகக் கேட்ட நாளிலிருந்தும் அல்ல. "தருகிறேன், தருகிறேன்" என்று வாயால் சொன்ன வாக்குறுதி இந்த மூன்று ஆண்டை நீட்டாது. பாக்கி இருப்பதை அவர் எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு. பகுதித் தொகை கொடுத்து, அதைக் கொடுத்தவரே எழுதியோ கையெழுத்திட்டோ பதிந்திருந்தாலும் அப்படியே. ஆனால் இரண்டும் பழைய மூன்று ஆண்டு முடிவதற்குள் நடந்திருக்க வேண்டும். நியாயம் முழுவதும் தன் பக்கம் இருந்தும், வீட்டுக்காரரின் பேச்சை நம்பி நான்காம் ஆண்டில் வந்து நிற்பவரிடம் எந்த வழக்கறிஞராலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஆகவே வழக்கறிஞர் அறிவிப்பை முதல் ஆண்டிலேயே அனுப்புங்கள். அதில் வட்டியும் கேளுங்கள். 1978ஆம் ஆண்டின் வட்டிச் சட்டப்படி, எழுத்து மூலமான ஒப்பந்தத்தில் பணம் தரும் நாள் குறிக்கப்படாதபோது, வட்டி கேட்பதாகச் சொல்லி எழுத்தில் கொடுத்த அறிவிப்பில் குறிப்பிட்ட நாளிலிருந்துதான் நீதிமன்றம் வட்டி தரலாம். அறிவிப்பில் வட்டி என்ற சொல் இல்லாததால் அந்தக் காலத்து வட்டியை இழந்தவர்கள் நிறைய.

காசோலை வாங்கியிருந்தால் தனி வழி உண்டு. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவு எல்லோருக்கும் ஓரளவு தெரியும். காசோலை திரும்பியது தெரிந்த 30 நாளுக்குள் அறிவிப்பு, அது கிடைத்த பிறகு பணம் தர 15 நாள் அவகாசம், அதன்பின் ஒரு மாதத்துக்குள் புகார். 2018 திருத்தத்துக்குப் பிறகு வழக்கு நடக்கும்போதே தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால ஈடு தர நீதிமன்றம் உத்தரவிடலாம். ஆனால் கட்டட வேலையில் ஒரு தனி ஆபத்து இருக்கிறது. தொடக்கத்தில் உத்தரவாதமாகப் பெரிய தொகைக்கு ஒரு காசோலை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். நடுவில் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் வந்துவிடுகிறது. கடைசியில் கோபத்தில் அந்தப் பழைய காசோலையை முழுத் தொகைக்கே வங்கியில் போடுகிறார்கள். 2022இல் தஷ்ரத்பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: இடையில் வந்த பணத்தைக் காசோலையில் குறிக்காமல் முழுத் தொகைக்குப் போட்டால் 138ஆவது பிரிவுக் குற்றம் ஆகாது. வந்ததைக் கழித்து, இன்றைய பாக்கிக்குப் புதுக் காசோலை வாங்குங்கள். அதுதான் பாதுகாப்பு.

இனி வழக்கு. எழுத்து மூலமான ஒப்பந்தமும் திட்டமான தொகையும் இருந்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 37ஆவது கட்டளைப்படி சுருக்க விசாரணை வழக்குப் போடலாம். எதிராளி தன் பக்கம் வாதாடவே நீதிமன்றத்தின் அனுமதி பெற வேண்டும். ஒப்பந்தமும் கையெழுத்திட்ட பில்லும் இருந்தால் இது நல்ல வழி. அளவிலும் தரத்திலும் தகராறு இருந்தால் அனுமதி கிடைத்துவிடும், சாதாரண வழக்காக மாறிவிடும். தொகை 3 லட்சமோ அதற்கு மேலோ என்றால் இது வணிகத் தகராறா என்ற கேள்வியும் எழலாம். கட்டுமான ஒப்பந்தங்களை வணிக நீதிமன்றச் சட்டம் தன் பட்டியலில் வைத்திருக்கிறது. அந்த வகை என்றால், அவசர இடைக்கால உத்தரவு எதுவும் கேட்காதபோது, வழக்குக்கு முன் சமரசப் பேச்சுக்குப் போவது கட்டாயம். போகாமல் போட்ட வழக்கு தள்ளுபடியாகும்.

எந்த வழியில் போனாலும், வழக்குப் போட்ட உடன் செய்ய வேண்டிய முதல் காரியம் வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கக் கேட்பது. 26ஆவது கட்டளை 9ஆவது விதி. ஆணையர் பொறியாளர் ஒருவருடன் வந்து வீட்டை அளந்து அறிக்கை தருவார். சதுர அடிக் கணக்கு, கூடுதல் வேலை, விரிசல், எல்லாம் அன்றைய நிலையில் பதிவாகும். வீட்டுக்காரர் சுவரை இடித்து மாற்றிய பிறகோ வேறு ஆளை வைத்துப் பூசிய பிறகோ எவ்வளவு சாட்சி கொண்டுவந்தாலும் இந்த அறிக்கைக்கு ஈடாகாது.

நீதிமன்றக் கட்டணத்துக்குப் பயந்து பின்வாங்குபவர்களுக்கு ஒரு செய்தி. தமிழ்நாட்டில் 2017இல் அந்தக் கட்டணம் 7.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. நம் எடுத்துக்காட்டின் 6,25,000 ரூபாய்க்கு 18,750 ரூபாய். வழக்கு நடக்கும்போது இரு தரப்பும் தாமாகவே வெளியில் பேசி முடித்துக்கொண்டாலும் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும். சென்னை உயர் நீதிமன்றப் பதிவகம் கொண்டுபோன மேல்முறையீட்டிலேயே 2021இல் உச்ச நீதிமன்றம் இப்படிச் சொல்லியிருக்கிறது.

செய்யக் கூடாதவற்றையும் சொல்லியாக வேண்டும். பதித்த ஜன்னலைக் கழற்றுவது, மின் இணைப்பைத் துண்டிப்பது, ஆட்களோடு போய் வாசலில் உட்கார்ந்து வீட்டுக்குள் போக விடாமல் தடுப்பது, இவை எதுவும் வேண்டாம். கட்டடத்தோடு சேர்ந்த பொருள் மனைக்குரியவருடையது. பணம் தரவில்லை என்பதால் அது உங்களுடையது ஆகிவிடாது. கடன்காரராக இருந்த வீட்டுக்காரர் அன்று முதல் குற்ற வழக்கின் புகார்தாரர் ஆகிவிடுவார். காவல் நிலையத்தில் மோசடிப் புகார் கொடுப்பதும் பெரும்பாலும் பயன் தருவதில்லை. ஒப்பந்தம் செய்த தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தால்தான் மோசடி. பின்னால் வாக்குத் தவறியது மோசடி ஆகாது என்பது 2000ஆம் ஆண்டு ஹிருதய ரஞ்சன் வழக்கிலிருந்து உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்வது. கட்டப்பஞ்சாயத்து செய்பவரிடம் போனால் பணத்தில் ஒரு பங்கு போகும். அதோடு உங்கள் நியாயமும் போகும்.

நீண்ட வழக்குக்கு வசதியில்லாதவருக்கு மக்கள் நீதிமன்றத்தை நான் மனதாரப் பரிந்துரைக்கிறேன். வழக்குப் போடாமலே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம். கட்டணம் இல்லை. சமரசம் ஏற்பட்டால் அந்தத் தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், அதன்மேல் மேல்முறையீடு கிடையாது. பணம் தராவிட்டால் நேராக நிறைவேற்று மனுப் போடலாம். ஆனால் இரு தரப்பும் சம்மதித்தால்தான் தீர்வு. வீட்டுக்காரர் வராவிட்டால் அங்கே ஒன்றும் நடக்காது.

அந்த இடைவெளியைத்தான் நம் சட்டம் இன்னும் நிரப்பவில்லை. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் 1791இலேயே, கட்டியவரின் பாக்கியை அந்தக் கட்டடத்தின் மீதே ஏறும் உரிமையாக்கியது. அந்த ஏற்பாடு பின்னர் அந்நாடு முழுவதும் பரவியது. நம் ஒப்பந்தச் சட்டத்தில் தையற்காரர் கூலி வரும் வரை துணியை வைத்துக்கொள்ளலாம், கொத்தனாருக்கு வீட்டின் மீது அப்படி உரிமை இல்லை. மலேசியா 2012இல் கட்டுமானப் பணம் தொடர்பான தகராறுகளை விரைவாகத் தீர்க்கத் தனிச் சட்டம் இயற்றியது. ஆனால் தனிநபர் தான் குடியிருக்கக் கட்டும் நான்கு மாடிக்குக் குறைவான கட்டடத்துக்கு அதில் விலக்குக் கொடுத்துவிட்டது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலும் அப்படி ஒரு விலக்கு இருந்தது. 2021இல் அதை நீக்கி, சொந்த வீடு கட்டுபவரையும் அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். என் கருத்தில் அதுதான் சரியான திசை. சொந்த வீடு என்பது வீட்டுக்காரருக்கு வாழ்நாள் சேமிப்பு. அதே வீடு கட்டியவருக்கும் அவருடைய ஆட்களுக்கும் பல மாத உழைப்பு.

நமக்கு அவ்வளவு பெரிய சட்டம் உடனே வராது. ஆனால் மாவட்டந்தோறும் சட்டப்பணிகள் ஆணைக்குழு, பொறியாளர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, சிறு கட்டடங்களின் பண பாக்கிக்கென்று மாதம் ஓர் அமர்வு நடத்தப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. பொறியியல் கல்லூரிகள் தங்கள் ஆசிரியர்களை அந்த அமர்வுகளுக்கு அனுப்பலாம். இங்கே வந்திருக்கும் கல்லூரி நிர்வாகிகளிடமும் ஆணைக்குழு அலுவலர்களிடமும் அதை நான் கோரிக்கையாகவே வைக்கிறேன். ஒப்பந்ததாரர்களிடம் வேறொரு வேண்டுகோள்: பணம் வராத பில் ஒன்று உங்கள் பையில் இருந்தால், அந்த வேலை எந்த நாளில் முடிந்தது என்பதை இன்று வீட்டுக்குப் போனதும் பாருங்கள். மூன்று ஆண்டு நெருங்கிக்கொண்டிருந்தால், அடுத்த வாரமே வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள்.